மழை வந்ததும் கரையேறிய படகு

எங்கள் கண்மாயில் வருடத்துக்கு நாலு மாதம் தண்ணீர் நிற்கும். மிச்ச எட்டு மாதம் மாடு மேயும். படகுக்கு வேலை அந்த நாலு மாதம்தான். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் எங்கள் கண்மாய்க்குப் பொறுப்பாக இருந்த ஆபீஸ், மழைக்காலம் வருகிறது, படகைக் கரையேற்றிப் பத்திரமாக மூடி வை என்று உத்தரவு போட்டது. என் அப்பா அந்த உத்தரவைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினார். சமஸ்தானம் போய் மூன்று நாலு வருடம் ஆகியிருக்கும். நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஆபீஸையும் அப்பாவையும் சேர்த்துக் கேவலமாக நினைக்க ஆரம்பித்தது அந்த வருடம்தான். பிற்காலத்தில் நானும் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, அதே மாதிரித் தாள்கள் எத்தனைக்கோ "பார்வையிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியும் அந்த வெறுப்பு எனக்குக் குறையவில்லை.

திருமயம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்மாய்க் கரை தெரியும். பள்ளிக்கூடம், கடை, பஸ் எல்லாம் அந்தக் கரைப் பக்கம். எங்கள் குடியிருப்பு கண்மாய்க்கு உள்ளே தள்ளி, எதிர்ப்பக்கத்து மேட்டில் இருந்தது. பதினெட்டு வீடு. மூன்று பக்கம் கண்மாய்த் தண்ணீர், நாலாவது பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாரி. வெயில் காலத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடந்து போகலாம். மழை இறங்கிவிட்டால் வாரியில் கழுத்தளவு ஓடும், கண்மாயில் ஆள் முங்கும். ஆம்பளைகள் வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்திப் போய்விடுவார்கள். பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் படகை விட்டால் வழி கிடையாது.

அந்தப் படகை யாரும் எங்களுக்காகச் செய்யவில்லை. சமஸ்தானத்துக் காலத்தில் வாத்து சுட வந்த யாரோ ஒரு துரைக்காகச் செய்தார்களாம். துரை ஒரு வாத்தைக்கூடச் சுடாமல் காய்ச்சலோடு ஊர் போய்ச் சேர்ந்தார். படகு இங்கேயே தங்கிவிட்டது. கண்மாய்க்கு நடுவில் இருந்த, வயலுக்குத் தண்ணீர் விடுகிற குமிழிமடையைத் திறந்து மூட ஆள் போய்வர வேண்டும் என்று அதை ஆபீஸ் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மடை திறந்து மூடுகிற ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். அதுதான் என் அப்பா. காலையில் மடைக்குப் போகிற போக்கில் எங்களையும் ஏற்றிப்போய் அக்கரையில் விடுவார். சாயங்காலம் கூட்டி வருவார். அதற்கு உத்தரவு ஏதும் இல்லை, தடையும் இல்லை.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் காக்கிச் சட்டை இருந்தது. ஆபீஸிலிருந்து வந்த கவர் என்றால், அதைக் கொண்டுவந்த பியூனுக்கு முன்னால் கவருக்குக் கும்பிடு போடுவார். ஆபீஸர் ஜீப் ரோட்டில் போகிறது என்று யாராவது சொன்னால், இங்கே கண்மாய்க்குள் நின்றபடியே துண்டை இடுப்புக்கு இறக்குவார். ஜீப்புக்கும் இவருக்கும் நடுவே அரை மைல் தண்ணீர் இருக்கும். ஆத்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகு விஷயத்தில் அவர் முட்டாள் இல்லை. மரம் காய்ந்தால் பலகை சுருங்கி மூட்டு விட்டுவிடும். அதனால் பங்குனி, சித்திரையில் கண்மாய் அடியோடு வற்றும்போது, மடைக்குக் கீழே கிடங்கு என்று சொல்கிற பள்ளத்தில் கடைசித் தண்ணீர் நிற்கிற இடத்துக்குப் படகை இழுத்துப் போவார். பாறாங்கல்லை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, படகை அப்படியே மூழ்கடிப்பார். மேலே களிமண்ணை அப்பி மூடுவார். கோடை முழுக்கப் படகு சேற்றுக்குள் குளிர்ச்சியாகக் கிடக்கும். புரட்டாசியில் புதுத்தண்ணீர் வந்ததும் முங்கிக் கல்லை எடுத்துவிட்டால், ஊறின படகு ஒரு சொட்டு ஒழுகாமல் மேலே வரும். தச்சு ஆசாரிகூட இதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். இத்தனை தெரிந்த மனுசன்தான் அந்த உத்தரவுக்கு ஆடினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடம் புரட்டாசியில் படகு மேலே வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் பியூன் ஒரு தாளோடு வந்து சேர்ந்தார். மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் வந்ததை ஆபீஸ் குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். எங்கள் குடியிருப்பில் தாளைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் படிப்புக்கு உலை வைத்த தாளை நானே கணீரென்று, நிறுத்தக்குறி பார்த்து வாசித்தேன்.

"இத்துறையின் படகுகள் யாவும் புயல்மழைப் பருவம் தொடங்குமுன் கரையேற்றப்பட்டு, கழுவி, எண்ணெயிட்டு, கவிழ்த்து, கூரையிட்டுப் பத்திரப்படுத்தப்பட வேண்டும். நங்கூரங்கள் தனியே கழற்றி எண்ணெய் தடவி வைக்கப்பட வேண்டும். பருவம் முடியுமுன் எக்காரணம் கொண்டும் படகுகளை நீரில் இறக்கலாகாது."

பியூன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "இது கடக்கரைக்குன்னு எழுதுனதுப்பா. அங்க பொயல் அடிச்சாப் படகு போயிருமுல்ல? மேல இருந்து எல்லா ஆபீசுக்கும் ஒரே மாதிரி அனுப்பிட்டாங்க."

"அப்ப நமக்கு இல்லதானே?" என்றாள் ஆத்தா.

"ரிஜிஸ்தர்ல படகுன்னு இருக்குல்ல? அப்பறம் எப்புடி இல்லைன்னு சொல்லுறது?"

"மழை பேஞ்சாத்தானே இங்க தண்ணியே வரும்? தண்ணி இருக்கையில படகக் கவுத்து வச்சுட்டுப் பிள்ளையெல்லாம் எப்புடிப் போகும்? எம்மக பள்ளிக்கூடத்துக்கு எப்புடிப் போவா?"

பியூன் அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு வேறு கவலை. என் பக்கம் குனிந்து, "நங்கூரமின்னா என்னத்தா?" என்றார்.

"கப்பலு நகராம இருக்கக் கட்டிப்போடுற இரும்புப்பா. பாடப் புத்தகத்துல படம் இருக்கு."

"நம்ம படகுல இல்லையே." அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் தொலச்சுட்டேன்னு எழுதிப்புடுவாங்களே."

இல்லாத நங்கூரத்தை எண்ணி அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஆத்தா மசாலா அரைக்க உட்கார்ந்தால் அம்மியில் குழவி இல்லை. அப்பா அதற்குக் கயிறு சுற்றி, எண்ணெய் தடவி, ஒரு சாக்கில் சுருட்டி வைத்திருந்தார்.

"கொழம்புக்கு எதை வச்சு அரைக்க? ஒங்க மண்டைய வச்சா?" என்று ஆத்தா கத்தினாள்.

"ஆபீசர் வந்து கேட்டா ஒன்னு காட்டணுமுல்ல?" என்றார் அப்பா. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் குழம்புக்கு மிளகாயைக் கையால் கிள்ளித்தான் போட்டோம்.

எனக்கு என்ன ஆகும் என்பதை நான் அப்போதே விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் சர்க்கார் பரீட்சை உண்டு. வருகை குறைந்தால் உட்கார விடமாட்டார்கள். தண்ணீர் நிற்கிற நாள் முழுக்க நான் வீட்டில் கிடந்தால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை என்றால் அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் மேட்டில் எட்டு வரைக்கும் எந்தப் பொம்பளைப் பிள்ளையும் போனதில்லை. ஒரு வருடம் நின்றவளை மறுபடி அனுப்பியதும் இல்லை. பெரியம்மா வீட்டில் ஏற்கெனவே எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் அப்பாவுக்குத் தெரியும்.

தெரிந்தும் அவர் அந்தப் படகைப் பத்திரப்படுத்திய அழகைச் சொல்ல வேண்டும்.

பனந்தடிகளை உருளையாகப் போட்டு, எட்டு ஆள் வடம் பிடிக்க, படகு தேர் மாதிரி மேடேறியது. எனக்காக ஒரு வார்த்தை பேச வராத ஆள்கள் எல்லாம் அதைக் கரையேற்ற ஓடி வந்தார்கள். கொட்டாங்கச்சியால் பாசியைச் சுரண்டினார்கள். ஒட்டியிருந்த நத்தைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். அப்பா நல்ல தண்ணீரில் அதைக் குளிப்பாட்டினார், அதுவும் இரண்டு தடவை. மூட்டுகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார். உள்ளும் புறமும் புங்க எண்ணெய். செம்புராங்கல் நாலை நட்டு, அதன்மேல் கவிழ்த்து, கல் உறுத்தாமல் இருக்க அடியில் வைக்கோல் பிரி. மேலே பனையோலைக் கூரை, எங்கள் வீட்டுக் கூரையைவிட நெருக்கமாக. ஆடு உரசக் கூடாது என்று சுற்றிலும் கருவேல முள். இத்தனையும் போதாது என்று கவிழ்ந்த படகைச் செம்புராங்கல்லோடு சேர்த்துப் பத்துச் சுற்று வடம் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டார். புயல் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமாம். கடல் எங்கே இருக்கிறது என்று எங்கள் மேட்டில் யாருக்கும் திசைகூடத் தெரியாது.

துடுப்பு இரண்டையும் வெளியே வைக்க மனம் வரவில்லை. சாக்கில் சுற்றி எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டார். துடுப்புக்கு மேலே கூரை பொத்தல் என்று தெரிந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் புது ஓலை வேய்ந்தார். பக்கத்தில், நானும் தம்பியும் படுக்கிற இடத்துக்கு மேலேயும் பொத்தல்தான். அங்கே ஆத்தா ஒரு சட்டியை வைத்தாள். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நனையாமல் தூங்கியது துடுப்புகள் மட்டுமே.

ஆயுத பூசையும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. படகுக்கு மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். சாக்கில் இருந்த குழவிக்கும் ஒரு பொட்டு. அதன் காலடியில் என் புத்தகங்களை அடுக்கிப் பூப்போட்டார்கள். பூசை அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது, மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

ஐப்பசி பாதியில் கண்மாய் நிரம்பிவிட்டது. அந்த நீளத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, முள்வேலிக்குள் எண்ணெய் மினுமினுக்கப் படகு கவிழ்ந்து கிடந்தது. மடைக்குப் போக வேண்டிய லஸ்கர் கோவணத்தோடு நீந்திப் போய்வந்தார். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நான் கேட்காமல் இல்லை. தினமும் கேட்டேன். "காலைல ஒரு தடவை மட்டும் கொண்டுபோய் விடுங்கப்பா. சாயங்காலம் நான் டீச்சர் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

"கவர்மெண்டு பொருளுத்தா. எக்காரணம் கொண்டும்னு நீதானே படிச்ச?"

"யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அந்த முடிச்ச அவுக்கவே ஒரு நாளு ஆகும். சும்மா தொணதொணக்காத. மழை முடியட்டும்."

மழை முடிந்தால் தண்ணீர் முடியும், தண்ணீர் முடிந்தால் நடந்தே போகலாம், அப்புறம் படகு எதற்கு என்று கேட்டேன். அவர் வேலியில் ஒரு முள் சாய்ந்திருக்கிறது என்று அதைச் சரிசெய்யப் போய்விட்டார். ஒருநாள் நானே வாரியில் இறங்கிப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் காலைப் பறித்துவிட்டது. ஆத்தா சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டு, அழுதுகொண்டே முதுகில் இரண்டு வைத்தாள். அவளுக்கு அப்பாவை அடிக்க வேண்டும் என்றுதான் ஆத்திரம், முதுகு என்னுடையதாக இருந்தது. பூகோளப் புத்தகம் வாரியோடு போயிற்று. நங்கூரத்தின் படம் அதில்தான் இருந்தது.

நாற்பது நாளுக்கு மேல் ஓடிவிட்டது. பரீட்சை போய்விட்டது என்றே முடிவுக்கு வந்துவிட்டேன். பெரியம்மா வேறு நீந்தத் தெரிந்த ஒரு ஆளிடம் மாப்பிள்ளை வீட்டுச் செய்தியைச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணச் சேதிக்கு மட்டும் எந்தத் தண்ணீரும் குறுக்கே நிற்பதில்லை.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் காலை எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றது. ஆபீஸர் இறங்கினார். பியூன் குடை பிடித்தார். பிறகு பியூன் கையை வாயில் குவித்துக் கத்தியது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

"லஸ்கரூ! ஐயா படகப் பாக்க வந்திருக்காங்க! எப்புடிப் பத்திரமா வச்சிருக்கன்னு பாக்கணுமாம்! அங்கிட்டு வரணும், படகக் கொண்டா!"

முதலில் சிரித்தது ஆத்தா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு முள்வேலியை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். அவிழ்க்க ஒரு நாள் ஆகும் என்று சொன்ன முடிச்சுகளை அரிவாளால் வெட்டினார். ஓலைக் கூரை பறந்தது. நாலு பேரைக் கூப்பிட்டுப் படகைப் புரட்டி, ஈர மண்ணில் வழுக்கிவிட்டுத் தண்ணீரில் இறக்கினார். ஆத்தா உலையில் போட்ட அரிசி வேகவில்லை, அதற்குள் படகு மிதந்துகொண்டிருந்தது.

நாற்பது நாளாக என்னிடம் முடியாது என்றது இவ்வளவுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அழுகை வரவில்லை. வீட்டுக்குள் போனேன். பையில் மிச்சப் புத்தகங்களையும் ஒரு மாற்றுப் பாவாடையையும் திணித்தேன். துடுப்பை எடுக்க அவர் உள்ளே வந்த நேரத்தில் நான் வெளியே போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"ஐயாவ ஏத்தப் போறேன். எறங்குடி."

"ஐயா பாக்குறாங்க. ஏன் நிக்கிறீங்க, தள்ளுங்க."

அவர் கை ஓங்கினார். எதிர்க்கரையைப் பார்த்தார். ஓங்கின கையை இறக்கித் துடுப்பைப் பிடித்தார். ஆபீஸர்மேல் அவருக்கு இருந்த பயம் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தும் மூட்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. காய்ந்துவிட்டதல்லவா. நான் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கரையில் ஆபீஸர் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார்.

"லஸ்கர் மக. பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

"அப்படியா, நல்லது. தினமும் எப்படி வர்றே?"

"வர்றதில்லை."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஷூவில் சேறு படாமல் ஏற ஒரு கல்லைத் தேடினார். அப்பா குனிந்து முதுகைக் காட்டினார். ஆபீஸர் அதில் கை ஊன்றிப் படகில் ஏறினார். நான் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அங்கே நடந்ததை ஆத்தா பின்னால் சொன்னாள். ஆபீஸர் மேடேறி, படகு இல்லாத நாலு செம்புராங்கல்லைச் சுற்றிப் பார்த்தார். கீழே கிடந்த ஓலையைத் தடியால் புரட்டினார். அப்பா சாக்கைப் பிரித்து நங்கூரத்தைக் காட்டினார். ஆபீஸர் அதையும் தடியால் புரட்டிப் பார்த்தாராம். பிறகு, பார்வையிட வருகிறவர்கள் எழுதுகிற பார்வைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இங்கிலீஷில் நாலைந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடமே கொடுத்தார். அப்பா அதைப் புது மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவரைக் கொண்டுபோய் விட்டு வந்த கையோடு படகை மறுபடி கரையேற்றி, மறுபடி எண்ணெய் தடவி, மறுபடி கூரை போட்டார். பருவம் இன்னும் முடியவில்லையாம்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர், ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார். என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் தன்னோடு தங்க வைத்துக்கொண்டார். வருகை குறைகிறது என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது, "படகு லீவுல இருந்துச்சு சார், பொண்ணு என்ன பண்ணும்?" என்று ஒரு வாரம் அவரை விடாமல் பிடுங்கி எடுத்து, டாக்டர் சர்டிபிகேட் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தார். எனக்கு வராத டைபாய்டு எனக்கு வந்ததாக எழுதியிருந்தது. சர்க்கார் தாளுக்குச் சர்க்கார் தாள். பொங்கலுக்கு ஆத்தா மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் வீட்டுக்குப் போகவில்லை.

பங்குனிக் கடைசியில் பரீட்சை எழுதிவிட்டு, வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் நடந்தே ஊருக்கு வந்தேன். கிடங்கில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அப்பா படகை மூழ்கடிக்கக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மஞ்சள் துணியோடு திரும்பி வந்தார்.

"ஐயா எழுதுனத வாசிச்சுச் சொல்லுத்தா. இம்புட்டு நாளா ஒனக்காகத்தான் வச்சிருக்கேன்."

படித்தேன். எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு எட்டாத எழுத்து இல்லை அது. "இந்தப் பருவம் முழுதும் படகு பயன்படவில்லை. இங்குள்ளவர்கள் படகு இல்லாமலே இருந்திருக்கிறார்கள். படகைப் பார்வையிட வருவதற்கு மட்டுமே படகு தேவைப்படுகிறது. ஆகவே இந்தப் படகும் லஸ்கர் வேலையும் அவசியமில்லை." கடைசியில் ஒரு வரி, அதில் ஒரு சொல் மட்டும் எனக்குப் புரியவில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தண்ணீரை வெறித்துப் பார்த்தபடி நான் இருந்த நாற்பது நாளுக்கும் இது கூலி என்று நினைத்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன், ஒன்றையும் குறைக்கவில்லை.

அப்பா தலையை ஆட்டினார். "ஐயா அப்புடி எழுத மாட்டாங்க. ஒனக்கு இங்கிலீசு வரல" என்றார்.

"எல்லாம் வரும். இந்த ஒரு வார்த்தைதான் தெரியல."

"அப்புடிச் சொல்லு. அந்த வார்த்தையிலதான் விசயமே இருக்கும்."

அவர் சொன்னது சரி. டீச்சர் வீட்டு அகராதியில் அதைப் பிறகு பார்த்தேன். பதவியை ஒழித்துவிடுவது என்று அர்த்தம். அன்றைக்கு நான் அங்கே நிற்கும்போதே அவர் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, குழந்தையைக் குளிக்க இறக்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லாகப் படகுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

ஆடியில் உத்தரவு வந்தது. இந்தத் தடவை வாசிக்க நான் தேவைப்படவில்லை, பியூனே சொல்லிவிட்டார். வேலை கிடையாது. ஏலம் விடுகிறவரை படகை யாரும் தொடக் கூடாது. துடுப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காக்கிச் சட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். அப்பா அதைத் துவைத்து, காயவைத்து, மடித்து, ஆபீஸ் வரைக்கும் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கிழிந்திருந்த ஒரு இடத்தை ஆத்தாவை விட்டுத் தைக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் கொடுத்தார். குழவி மட்டும் அம்மிக்குத் திரும்பி வந்தது.

நான் பரீட்சையில் தேறித் திருமயத்தில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருந்தேன். கண்மாய் காய்ந்திருந்தவரை நடந்து போய் பஸ் பிடித்தேன். புரட்டாசி முடிந்து மழை இறங்கியது. டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அக்கரையில் தங்க இடமில்லை. படகு கிடங்கில், கல்லுக்கும் சேற்றுக்கும் அடியில், மேலே ஏறிக்கொண்டிருக்கிற தண்ணீருக்குள் கிடந்தது. மூன்று நாள் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருந்தது.

நாலாம் நாள் விடிந்த பிறகு வெளியே வந்தால், கிடங்குப் பக்கம் ஒரு தலை முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க மேலே வந்து, ஒரு கல்லைத் தூக்கி வீசிவிட்டு, மறுபடி முங்கியது. எத்தனை கல் போட்டிருந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். கடைசியில் களிமண்ணைக் கழற்றிக்கொண்டு படகு மெதுவாக மேலே வந்தது. துடுப்பு இல்லை. மூங்கில் கழி ஒன்றை வெட்டி வைத்திருந்தார். கோவணத்தோடு, சேறு வழிய, நடுங்கிக்கொண்டு படகை என் பக்கம் தள்ளி வந்தார். உத்தரவு இல்லாமல், உத்தரவை மீறி அவர் செய்த முதல் வேலை அது. எனக்கு ஒரு அப்பா கிடைக்க ஆபீஸ் ஒரு லஸ்கரை நீக்க வேண்டியிருந்தது.

"ஏறுத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

ஏறினேன். நடுக் கண்மாய் வரைக்கும் அவர் தலை தூக்கவில்லை. பிறகு கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அங்கிட்டுக் கரையில ஆபீசு ஆளுக யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். ரோட்டோரம் குடையோடு ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் என்று தெரியவில்லை.

"யாருமில்லப்பா, போங்க" என்றேன்.